நிரம்பிய அணை நல்ல அணையா?

திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வரும் நாளிதழ்களில் மழைக்காலம் முழுவதும் ஒரு சிறு கட்டத்தைக் காணலாம். சாத்தனூர் அணை 119 அடி, குப்பநத்தம் அணை 60 அடி, செண்பகத்தோப்பு அணை 62.32 அடி, மிருகண்டா அணை 22.97 அடி என்று ஒவ்வோர் அணையின் முழு உயரமும், அதன் பக்கத்திலேயே அன்றைய நீர்மட்டமும் அச்சாகியிருக்கும். இரண்டு எண்களும் நெருங்க நெருங்கப் படிப்பவர் மனம் குளிரும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் மறுநாள் படமும் வரும். மதகுகளில் பொங்கி விழும் நீருக்கு மலர் தூவி வணங்குவார்கள்.

வறட்சியைக் கண்டு பழகிய மண்ணில் இந்த மகிழ்ச்சி இயற்கையானது. இதைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஆனால், ‘அணை நிரம்பிவிட்டது’ என்ற செய்தி எல்லா நாளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஜனவரி மாதத்தில் நிரம்பியிருக்கும் அணை ஒரு செல்வம். புயல் கரையைத் தொடும் நாளில் நிரம்பியிருக்கும் அணை அப்படிப்பட்டதா? இந்த வேறுபாட்டை நம் பேச்சிலும் செய்திகளிலும் நிர்வாகத்திலும் சரிவரக் காண முடிவதில்லை. அதுவே இந்தக் கட்டுரையின் முறையீடு. அதற்குச் சான்றாக 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் மலையைப் பார்த்துவிடலாம்.

மலையும் அதன் இரு முகங்களும்

ஜவ்வாது மலை என்றதும் விஞ்ஞான வாசகர்களுக்குக் காவலூர் நினைவுக்கு வரும். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986-இல் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டின் பெருமைகளுள் ஒன்று. வானத்தை நுணுக்கமாகப் பார்க்க நாம் அந்த மலையில் ஏறினோம். ஆனால் மலை கீழே அனுப்பும் நீரை அதே நுணுக்கத்துடன் பார்க்கிறோமா என்பது வேறு கேள்வி.

இந்த மலைக்கு இரண்டு முகங்கள் உண்டு. கிழக்குப் பக்கச் சரிவில் செய்யாறு, மிருகண்டா நதி, கமண்டல நாகநதி ஆகியவை இறங்குகின்றன. இவை ஒன்றுகூடிச் செய்யாறாகப் பாலாற்றில் கலக்கின்றன. குப்பநத்தம், மிருகண்டா, செண்பகத்தோப்பு ஆகிய மூன்று சிறு அணைகளும் இந்தப் பக்கத்தவை. மேற்குப் பக்கமோ வேறு விதமானது. ஜவ்வாது மலை, ஏலகிரி மலை ஆகியவற்றின் சரிவு நீரைத் திரட்டிக்கொண்டு பாம்பாறு திருப்பத்தூர், ஊத்தங்கரைப் பகுதிகளின் வழியே ஓடித் தென்பெண்ணையில் சேர்கிறது. அந்தத் தென்பெண்ணையைக் குறுக்கே மறித்து நிற்பதுதான் 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை. அதன் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. கிழக்குப் பக்கத்து மூன்று அணைகளின் கொள்ளளவு முறையே 700, 87, 287 மில்லியன் கன அடி. மூன்றையும் கூட்டினாலும் சாத்தனூரில் ஏழில் ஒரு பங்குதான் தேறும்.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து வருவது. அதன் மேல்பகுதி வெள்ளம் முதலில் கிருஷ்ணகிரி அணையை எட்டும். அங்கிருந்து எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது என்ற தகவல் சாத்தனூருக்கு முன்கூட்டியே கிடைத்துவிடும். பாம்பாற்று நீர் கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே, சாத்தனூருக்கு மேலே வந்து சேர்கிறது. ஊத்தங்கரை அருகே பாம்பாற்றின் மீது ஒரு சிறு அணை இருக்கிறது. பெருவெள்ளத்தைத் தாங்கி நிறுத்தும் அளவுக்கு அது பெரியதன்று. எனவே இந்தப் பக்கத்தில் கொட்டும் மழை சில மணி நேரத்தில் சாத்தனூரின் வாசலுக்கே வந்துவிடும்.

ஓர் இரவு

2024 நவம்பர் 30 இரவு ‘பெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின் வலுவிழந்து விரைவாக நகர்ந்துவிடும் என்பதுதான் பொதுவான அனுபவம். இந்தப் புயல் பல மணி நேரம் நகராமல் நின்றது. பின்னர் மெல்ல உள்நாட்டுக்குள் புகுந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னையிலும் கடலூரிலும் அரிதாகக் கேள்விப்படும் அளவு அது. உள்நாட்டில், மலையடிவாரத்தில் பெய்தது.

சாத்தனூர் அணை அப்போது ஏறக்குறைய நிரம்பியிருந்தது. படிப்படியாக உயர்த்தப்பட்ட வெளியேற்றம் டிசம்பர் 2 அதிகாலை 2.45 மணியளவில் வினாடிக்கு 1,68,000 கன அடியை எட்டியது. தென்பெண்ணைக் கரையில் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களில் வெள்ளம் புகுந்தது. வீடுகளும் வயல்களும் மூழ்கின. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையில் கட்டித் திறக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது.

அதன் பின் வாதம் தொடங்கியது. முன்னறிவிப்பு இல்லாமல் நள்ளிரவில் அணையைத் திறந்துவிட்டார்கள் என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்த பிறகே நீர் திறக்கப்பட்டது என்றது அரசு. இரண்டு தரப்பும் பல நாள் இதையே பேசின. செய்தித்தாள்களும் இதையே எழுதின.

இந்த வாதத்தை அப்படியே ஏற்க நம்மால் இயலவில்லை. எச்சரிக்கை கொடுத்தார்களா, இல்லையா என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் அது கடைசிக் கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. அணையில் இடம் இருந்ததா? இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இவற்றுக்கு விடை காண அரசியல் தேவையில்லை. பெருக்கலும் வகுத்தலும் போதும்.

முதல் கணக்கு

வினாடிக்கு 1,68,000 கன அடி என்ற வேகத்தில் நீர் வந்தால் 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள அணை எவ்வளவு நேரத்தில் நிரம்பும்? வகுத்துப் பாருங்கள். 43,577 வினாடிகள், அதாவது 12 மணி நேரமும் சில நிமிடங்களும். சொட்டு நீரில்லாமல் வறண்டு கிடக்கும் அணையாக இருந்தாலும், அதே வேகத்தில் நீர் வந்தால் அரை நாளில் நிரம்பி வழிந்துவிடும்!

வேறு விதமாகவும் இதைப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 5 இலட்சம் கன மீட்டர். இது ஏறத்தாழ 17.7 மில்லியன் கன அடி. பாதி மண்ணில் ஊறிப் பாதி ஓடிவருவதாக வைத்துக்கொண்டாலும் சுமார் 830 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழை சாத்தனூரை நிரப்பப் போதும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பரப்பு 5,143 சதுர கிலோமீட்டர் என்பதை நினைவில் கொண்டால் இது பெரிய பரப்பன்று என்பது விளங்கும்.

ஆகவே, ‘முன்னதாகவே கொஞ்சம் திறந்துவிட்டிருந்தால் வெள்ளமே வந்திருக்காது’ என்று சொல்பவர்களின் வாதம் கணக்கில் தோற்கிறது. சாத்தனூர் அணை அப்படியொரு மழையை விழுங்கக்கூடிய அளவுடையதன்று.

நிரம்பிய அணையில் மதகைத் திறக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மோர்பி நகரத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1979 ஆகஸ்டு 11 அன்று குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணையில் வெள்ளம் மண்கரையின் மேல் ஏறி வழிந்தது. கரை கரைந்து உடைந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மண்கரையின் மேல் நீர் வழியத் தொடங்கினால் அந்த அணை நெடுநேரம் நிற்காது. நிரம்பிய அணைக்கு வந்த நீரை வந்தபடியே அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த இரவில் மதகருகே நின்ற பொறியாளருக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை. தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் அதற்குப் பல நாட்களுக்கு முன்பே கடந்துவிட்டிருந்தது.

இரண்டாம் கணக்கு

‘அப்படியானால் எதுவுமே செய்திருக்க முடியாது’ என்பது மறு தரப்பின் வாதம். இதுவும் கணக்கில் நிற்கவில்லை.

புயல் வருமுன் அணையில் 2,000 மில்லியன் கன அடிக்கு இடம் விடப்பட்டிருந்தது என்று கற்பனை செய்வோம். அந்த இடத்தை உண்டாக்க, இரண்டு நாட்களுக்கு வினாடிக்குச் சுமார் 11,600 கன அடி திறந்தால் போதும். பின்னால் வந்த 1,68,000 கன அடியோடு ஒப்பிட்டால் இது பதினான்கில் ஒரு பங்கு. பகலில் தண்டோரா போட்டுச் செய்யக்கூடிய வேலை. அந்த 2,000 மில்லியன் கன அடி இடம் உச்ச வெள்ளத்தை எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்? சுமார் 3 மணி 18 நிமிடம்.

மூன்று மணி நேரம்தானே என்று எண்ண வேண்டாம். அதிகாலை 2.45 மணியோடு 3 மணி 18 நிமிடத்தைக் கூட்டிப் பாருங்கள். 6 மணி தாண்டிவிடுகிறது, பொழுது விடிகிறது. இருட்டில் மின்சாரம் இல்லாத வீட்டில் குழந்தையையும் முதியவரையும் எழுப்பித் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும், வெளிச்சத்தில் ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டு மேட்டுக்கு நடப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு அந்த மூன்று மணி நேரம். கடலூர்வரை வெள்ளம் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும். அணையை அடுத்துள்ள ஊர்களுக்கு அந்த அவகாசம் இல்லை. அணையில் விடும் காலியிடம்தான் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே அவகாசம்.

இந்த இடத்தை முன்னதாகவே திட்டமிட்டுப் பயன்படுத்தியிருந்தால் உச்ச வெளியேற்றத்தையும் ஓரளவு தாழ்த்தியிருக்கலாம். வெள்ளத்தைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் அதன் தலையைக் கொஞ்சம் தட்டிவைத்திருக்கலாம். ‘தடுத்திருக்கலாம்’ என்பதும் தவறு, ‘ஒன்றும் செய்திருக்க முடியாது’ என்பதும் தவறு. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

காலியிடத்தின் விலை

காலியிடம் இலவசமாகக் கிடைப்பதன்று. அதன் விலையையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும்.

நெல் ஒரு போகத்துக்குத் தேவையான நீரை நான்கு அடி உயரம் என்று தோராயமாகக் கொள்வோம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. நான்கால் பெருக்கினால் 1,74,240 கன அடி. அதாவது ஒரு மில்லியன் கன அடி நீர் ஆறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகப் பாயும். 2,000 மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 11,500 ஏக்கர் நெல்லுக்கான நீர். சாத்தனூரின் ஆயக்கட்டு ஏறத்தாழ 45,000 ஏக்கர் என்பதால், நான்கில் ஒரு பங்கு உழவர்களின் நீர் இது. புயல் பொய்த்துப்போனால் அந்த இழப்பு யாருடையது? ‘மழை வரும் என்று சொல்லித் தண்ணீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டார்கள்’ என்ற பழியைச் சுமக்கப் போவது அணைப் பொறியாளர்தான். அணையை நிரப்பி வைத்ததற்காக அவரை யாரும் கடிந்துகொள்வதில்லை. காலியாக வைத்ததற்காகத்தான் கடிந்துகொள்வார்கள். இந்த நிலையில் எந்த அதிகாரியும் நிரப்பித்தான் வைப்பார். எனவே குறை தனி மனிதரிடம் இல்லை. நாம் அவருக்குக் கொடுத்திருக்கும் ஊக்கத்திலேயே இருக்கிறது.

இங்கு இன்னொரு வாதத்தையும் சோதிக்க வேண்டும். ‘அணையில் இடம் விட்டால் குடிநீருக்கு எங்கே போவது?’ என்று அடிக்கடி கேட்கிறோம். திருவண்ணாமலை நகரத்துக்குச் சாத்தனூரிலிருந்து குடிநீர் போகிறது. 2011 கணக்கெடுப்பில் அந்நகரின் மக்கள்தொகை 1,45,278. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று தாராளமாகக் கொடுத்தாலும் நாளொன்றுக்கு 1 கோடியே 96 இலட்சம் லிட்டர் ஆகும். ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2 கோடியே 83 இலட்சம் லிட்டர். ஆக, நகரம் முழுவதற்கும் ஓர் ஆண்டுக்கு வேண்டியது சுமார் 253 மில்லியன் கன அடி. அணையின் கொள்ளளவில் இது மூன்றரை விழுக்காடு!

இந்த எண்ணிக்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நகரம் வளர்ந்திருக்கிறது, வழியில் உள்ள கிராமங்களும் குடிக்கின்றன, வெயிலில் ஆவியாவதும் உண்டு என்று இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆக்கினாலும் குடிநீர் அணையின் அடித்தட்டில் அடங்கிவிடுகிறது. மேல்தட்டில் நடக்கும் போட்டி பாசனத்துக்கும் வெள்ளப் பாதுகாப்புக்கும் இடையேதான். குடிநீரை முன்னிறுத்தி, நவம்பர் மாதத்தில் அணையை விளிம்பு வரை நிரப்புவதை நியாயப்படுத்துவது பொருந்தாது.

‘பல்நோக்குத் திட்டம்’ என்ற சொல்லைப் பள்ளிநாள் முதல் படித்து வருகிறோம். பாசனம், குடிநீர், மின்சாரம், வெள்ளத் தடுப்பு என்று விரல்விட்டு எண்ணி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். இந்த நோக்கங்கள் ஒன்றோடொன்று சண்டையிடும் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. பாசனத்துக்கு நிரம்பிய அணை வேண்டும். வெள்ளத் தடுப்புக்குக் காலி அணை வேண்டும். ஒரே தொட்டி ஒரே நாளில் இரண்டாகவும் இருக்க முடியாது. எந்தத் தேதியில் எந்த நோக்கத்துக்கு முதலிடம் என்று எழுதிவைத்தால் மட்டுமே ‘பல்நோக்கு’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

கல்லில் எழுதிய விதி

அப்படி எழுதிவைப்பதற்குப் பொறியியலில் ஒரு முறை உண்டு. ஆண்டின் ஒவ்வொரு தேதியிலும் அணையின் மட்டம் எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு கோடு வரைவார்கள். மழைக்காலத்தின் நடுவில் அந்தக் கோடு தாழ்ந்திருக்கும். புயல் அபாயம் குறையக் குறைய ஏறும். பருவம் முடியும்போது முழு மட்டத்தைத் தொடும். இதை விதிக்கோடு என்று சொல்லலாம்.

இது ஏதோ மேலைநாட்டுப் புதுமை என்று எண்ணிவிடக்கூடாது. நம் பழைய ஏரிகளின் கலிங்கைப் பார்த்திருக்கிறீர்களா? உபரி நீர் வழியும் அந்தக் கட்டுமானத்தின் முகட்டில் சிறு கற்றூண்கள் இடைவெளி விட்டு வரிசையாக நட்டிருப்பார்கள். பருவத்தின் தொடக்கத்தில் அந்த இடைவெளிகள் திறந்தே கிடக்கும். பெருமழை வந்தால் தடையின்றி வழிந்துபோகும். பருவம் முடியும் தறுவாயில், இனிப் பெருவெள்ளம் வராது என்று தெரிந்த பிறகு, கற்களுக்கு இடையே பலகையோ வைக்கோலும் மண்ணுமோ வைத்து அடைப்பார்கள். ஏரியின் மட்டம் ஓரிரு அடி உயரும். கோடைக்கு அந்த நீர் உதவும். காகிதத்தில் வரையும் விதிக்கோட்டை அவர்கள் கல்லில் நட்டு வைத்திருந்தார்கள்.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாற்றின் நீர் வாய்க்கால் வழியே போய் நிரப்பும் ஏரிகளுள் ஒன்று உத்திரமேரூர் ஏரி. அந்த ஊரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அவற்றில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கும் விதி இருக்கிறது. ஏரிக்குப் பொறுப்பானவர் யார் என்பது ஊரறிய எழுதப்பட்டிருந்தது.

இதைச் சொல்வதால் பழமை எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பழைய ஏரிகளும் உடைந்திருக்கின்றன. குடவோலையில் எல்லாருக்கும் இடமும் இருக்கவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டை மட்டும்: மட்டத்தைத் தேதியோடு பிணைத்த அறிவு, விதியை எல்லாரும் காணும் இடத்தில் வைத்த பழக்கம். சாத்தனூர் அணையின் இயக்க விதிகள் அதிகாரிகளின் கோப்பில் இருப்பது போதாது. அணைக்குக் கீழே வாழும் தண்டராம்பட்டு மாணவன் அதைத் தமிழில் படித்து, ‘இன்று மட்டம் கோட்டுக்கு மேலே இருக்கிறதே, ஏன்?’ என்று கேட்கும்படி இருக்க வேண்டும்.

விதி மட்டும் போதுமா?

விதி இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1974-இல் பெருவெள்ளம் வந்தது. அதன் பின் கட்டப்பட்ட வைவன்ஹோ அணையில், நகரின் குடிநீருக்கான கொள்ளளவுக்கு மேலே வெள்ளத்துக்கென்றே பெரியதொரு காலியிடம் ஒதுக்கினார்கள். குடிநீர்ப் பகுதியைவிட இந்தக் காலிப் பகுதி பெரியது. கையளவு புத்தகமாக இயக்க விதிகளும் இருந்தன. ஆயினும் 2011 ஜனவரியில் நகரம் மூழ்கியது. வழக்கு நடந்தது. அணையை இயக்கியவர்கள் கவனக்குறைவாக நடந்தார்கள் என்று 2019-இல் ஒரு நீதிமன்றம் சொன்னது. அணை நிறுவனத்தைப் பொறுத்தவரை அந்த முடிவை 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. இடமும் விதியும் இருந்தும் விவாதம் தீரவில்லை. ஆனால் அங்கே விவாதம் எழுதப்பட்ட விதியை வைத்து நடந்தது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் என்ன முடிவு எடுத்தார்கள், எந்த மழைக்கணிப்பை நம்பினார்கள் என்று வரிவரியாக ஆராய முடிந்தது. நம் ஊரில் ‘சொன்னோம்’, ‘சொல்லவில்லை’ என்பதோடு நின்றுவிடுகிறது.

நமக்கும் பாடம் புதிதன்று. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டு அடையாறு பெருகிச் சென்னை மூழ்கியது. இந்திய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018-இல் அந்த நீர்த்தேக்க நிர்வாகத்தைக் கடுமையாகக் குறை கூறியது. 2021-இல் நாடு முழுவதற்கும் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நெருக்கடி காலச் செயல்திட்டம் ஒவ்வொரு பெரிய அணைக்கும் வேண்டும் என்று அது சொல்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் 2024-இல் வாதம் அதே இடத்திலிருந்து தொடங்கியது என்பதுதான் நம் குறை.

இனி மலைக்குத் திரும்புவோம். சாத்தனூருக்கு அவகாசம் தரக்கூடிய தகவல் ஜவ்வாது, ஏலகிரிச் சரிவுகளிலும் பாம்பாற்றிலும்தான் பிறக்கிறது. அங்கே மணிக்கு மணி மழையை அளந்து, தானாகவே அணைக்கு அனுப்பும் கருவிகள் நெருக்கமாக வேண்டும். பாம்பாற்றின் மட்டத்தைக் காட்டும் கருவியும் வேண்டும். தொலைவிலுள்ள விண்மீனின் ஒளியை அளக்கத் தெரிந்த நமக்கு இது கடினமான காரியமன்று.

மலையில் காடு வளர்த்தால் வெள்ளம் நிற்கும் என்று சொல்வாரும் உண்டு. சிறு மழைக்கு அது உண்மை. 50 சென்டிமீட்டர் மழைக்கு அன்று; மண் நனைந்து நிறைந்த பின் காட்டுத் தரையும் ஓடவிடத்தான் செய்யும். ஆனாலும் காட்டுக்கு வேறொரு நியாயம் இருக்கிறது. ஜவ்வாது மலை கடினப்பாறையாலானது. அங்கே நீர் தங்க மேல்மண்ணும் பாறை வெடிப்புகளும்தாம் இடம். சமவெளிக்கு மூன்று ஆறுகளை அனுப்பும் மலையில் வாழ்பவர்களுக்குக் கோடையில் ஊற்று வற்றாமல் இருக்க அந்த மேல்மண் கழுவப்படாமல் நிற்க வேண்டும். கழுவப்பட்ட மண் வந்து படிவதும் கீழேயுள்ள அணைகளில்தான். ஒவ்வோர் ஆண்டும் படியும் வண்டல், அணையின் இடத்தைச் சிறிது சிறிதாகத் தின்கிறது. நாம் மேலே கணக்கிட்ட மூன்று மணி நேரத்தையும் அது தின்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை

இனி நாளிதழில் அந்தச் சிறு கட்டத்தைப் பார்க்கும்போது மட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். தேதியையும் பாருங்கள். முழுக் கொள்ளளவிலிருந்து இருப்பைக் கழித்து, மீதியிருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வரும் நீரின் வேகத்தால் அந்த இடத்தை வகுத்து, நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று பாருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நாள்தோறும் இதை ஒரு நோட்டில் எழுதிவந்தால் உங்கள் ஊர் அணைக்கு நீங்களே ஒரு கோடு வரைந்திருப்பீர்கள். அதை வகுப்பில் காட்டுங்கள். ஊராட்சியின் கிராமசபைக் கூட்டத்திலும் காட்டுங்கள். உழவர் ஒருவர் எழுந்து, ‘இடம் விட்டால் என் வயலுக்கு யார் பொறுப்பு?’ என்று கேட்பார். ஆற்றங்கரைக்காரர் ஒருவர், ‘இடம் விடாவிட்டால் என் வீட்டுக்கு யார் பொறுப்பு?’ என்று கேட்பார். இருவர் கேள்வியும் நியாயமானது. புயல் வருவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், எண்களை நடுவில் வைத்துக்கொண்டு அந்த இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். அதிகாலை 2.45 மணிக்கு அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.